இல்லத்து மீன்தொட்டியிற் பெருக்கத் தக்க சிக்லிட் யாது?

வீட்டின் ஒரு மூலையிற் கண்ணாடித் தொட்டியொன்று வைத்து, அதன்கண் வண்ண மீன்களை வளர்த்து மகிழ்தல் நம் இளைஞர் பலரிடைப் பரவியுள்ளதொரு வழக்கமாகும். பொழுதை வீணே கழிப்பிக்கும் விளையாட்டுகள் பலவற்றினும் இது சாலச் சிறந்ததென்பதில் ஐயமில்லை. என்னை? உயிரொன்றைக் கூர்ந்து நோக்கும் பழக்கத்தையும், நாடோறும் தவறாது ஒரு கடமையைச் செய்யும் ஒழுங்கையும் இது நமக்குக் கற்பிக்கின்றது. ஆயினும், மீனை வளர்த்தல் வேறு. அதனை இனம் பெருகச் செய்தல் வேறு. வளர்ப்பவன் தன் தொட்டியிலுள்ள உயிர்கட்கு மட்டும் பொறுப்பாவான். பெருக்குபவனோ இனிப் பிறக்கவிருக்கும் உயிர்கள் அனைத்திற்கும் பொறுப்பேற்கின்றான். இவ்வேறுபாட்டை உணராது, கடையிற் கண்ணைக் கவர்ந்த மீனையே வாங்கி இணைசேர்க்க முற்படுவார் பலராதலின், இதுபற்றி யான் கொண்டுள்ள கருத்தை இம்மலரின் வாயிலாக நண்பர்கள்முன் வைக்க விழைகின்றேன். சிக்லிட் என்னும் குடும்பத்து மீன்களையே ஈண்டு எடுத்துக்கொள்வேன். தொட்டியில் மீனைப் பெருக்க விரும்புவார் பெரும்பாலும் நாடுவது அக்குடும்பத்தையே.

சிக்லிட் என்னும் பெயர் சிலர்க்குப் புதிதாகத் தோன்றலாம். அப்பெயர்க்குரிய மீன்களோ நாம் பலகாற் கண்டவையே. நம் ஏரிகளிலும் அணைகளிலும் பிடிக்கப்பட்டு அங்காடிக்கு வரும் ஜிலேபிக் கெண்டை இக்குடும்பத்தைச் சேர்ந்தது. கேரள நாட்டார் வாழையிலையிற் பொதிந்து சுட்டுண்ணும் கரிமீனும் இக்குடும்பத்ததே. வண்ணமீன் கடைகளில் விற்கும் ஏஞ்சல், ஆஸ்கர், டிஸ்கஸ் முதலியனவும் இதன் கிளைகளேயாம். இதுகாறும் அறிஞர் பெயரிட்டு விளக்கியுள்ள சிக்லிட் இனங்கள் 1,600-க்கு மேற்பட்டன. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா, மடகாஸ்கர்த் தீவு, தென்னிந்தியா, இலங்கை முதலிய இடங்கள் இவற்றின் தாயகங்களாம்.

மீன்களுட் பெரும்பாலன முட்டைகளை நீரிற் சிதறிவிட்டுத் திரும்பியும் நோக்காது செல்வன. சிக்லிட்டோ அவ்வாறன்று. பல இனங்களில் ஆணும் பெண்ணும் இணைந்து ஒரு கல்லையோ இலையையோ துப்புரவு செய்து, அதன்மேல் முட்டையிட்டு, துடுப்பால் விசிறிப் புதுநீரை அவற்றின்மேற் செலுத்தி, அணுகும் பகையை ஓட்டி, குஞ்சுகள் வெளிப்பட்ட பின்னரும் அவற்றை மந்தையென நடத்திக் காக்கின்றன. வேறு சில இனங்களில் தாய் தன் முட்டைகளை வாயினுள்ளேயே ஏற்று, உணவையும் பெரிதும் ஒழித்துக் காக்கின்றது. இக்காட்சியைக் காணவேண்டும் என்னும் அவாவே பலரைச் சிக்லிட் பால் ஈர்க்கின்றது. அவ்வவா நல்லதே. ஆனால், அவா ஒன்றே தேர்வுக்கு அளவுகோலாகி விடலாகாது. ஓர் இனத்தைத் தேரும் முன்னர் நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்குள. அவை நீர், உருவம், தூய்மை, குஞ்சுகளின் எதிர்காலம் என்னும் இவற்றைப் பற்றியன.

முதலாவது நீர். மீன் வாழ்வது நீரிலாதலின், நம் வீட்டுக் குழாயில் வரும் நீர் எத்தகையது என்பதையே முதற்கண் ஆராய்தல் வேண்டும். சென்னையிலும் பிற கடற்கரையூர்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீராகவும், ஓரளவு உவர்ப்புடையதாகவும் இருக்கின்றது. டிஸ்கஸ் மீனோ அமேசான் ஆற்றுப் பகுதியின் மென்னீரில், சிறிது அமிலத் தன்மை வாய்ந்த சூழலில், 28 முதல் 30 பாகை வரை வெப்பமுள்ள இடத்தில் வாழ்ந்து பழகியது. அதனைக் கடின நீரில் உயிரோடு வைத்திருத்தலே அரிது. முட்டையிடச் செய்து குஞ்சு பொரிப்பித்தல் அதனினும் அரிது. நீரை வடித்துத் தூய்மை செய்யும் கருவியும், நாள்தோறும் நீர்மாற்றும் உழைப்பும் அதற்கு இன்றியமையாதன. செல்வர்க்கு அது கூடும். மாதச் செலவிற்கு வீட்டிலிருந்து வரும் சிறுதொகையை எண்ணியெண்ணிச் செலவிடும் மாணாக்கர்க்கு அது கூடுமோ? நீரை மீனுக்கேற்ப மாற்றுதலினும், நீருக்கேற்ற மீனைத் தேர்தலே அறிவுடைமை என்பது என் துணிபு.

ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி ஏரியின் சிக்லிட்டுகள் இவ்வகையில் நமக்கு ஏற்றவை போலத் தோன்றும். அவ்வேரி நீர் காரத்தன்மை வாய்ந்ததாகலின் நம் கடின நீர் அவற்றிற்கு இடர் விளைப்பதன்று. அவற்றின் நீலமும் மஞ்சளும் கடல் மீன்களோடு போட்டியிடுவன. எனினும் அவற்றைப் பற்றி மற்றொரு தடையுண்டு. அதனைத் தூய்மை பற்றிய வினாவிற் கூறுவேன்.

இரண்டாவது உருவமும் இயல்பும். கடையில் இரண்டு விரல் அகலமுள்ள குஞ்சாகக் காணும் ஆஸ்கர், ஓரிரண்டு ஆண்டிற்குள் ஓரடி நீளம் வளர்கின்றது. தன் வாயிற் கொள்ளும் மீன் எதனையும் அது விழுங்கும். மலேசிய நாட்டில் 1990-களில் பல சிக்லிட் இனங்களைக் கலந்து தோற்றுவிக்கப்பட்ட பிளவர்ஹார்ன் என்னும் மீனும் அத்தகையதே. நெற்றி புடைத்த அம்மீனை மனைக்கு நலந்தருவதென்று நம்பிப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவாரும் உளர். அதன் நற்பேறு எத்தகையதோ அறியோம். அது தன் தொட்டியிற் பிறிதோர் உயிரையும் பொறாது என்பது மட்டும் உறுதி. இவற்றை இணைசேர்க்க வேண்டின் பல நூறு லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். இணை பொருந்தாவிடின் ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடுதலும் உண்டு. சிறிய இல்லங்களில் வாழ்வார்க்கு இவை ஏற்றவையல்ல.

மூன்றாவது தூய்மை. மலாவி ஏரியிற் பல நூறு சிக்லிட் இனங்கள் வாழ்கின்றன. அவ்வேரியிற் பெண்மீன், நிறத்தையும் ஒழுகலாற்றையும் கொண்டு தன் இனத்து ஆணை இனங்கண்டு சேர்கின்றது. தொட்டியில் அடைபட்ட பெண்ணுக்கோ அத்தெரிவு இல்லை. ஆதலின் இரண்டு மூன்று இனங்களை ஒரே தொட்டியில் வைப்பின், அவை எளிதிற் கலந்து கலப்பினக் குஞ்சுகளைத் தோற்றுவிக்கின்றன. அக்குஞ்சுகள் கடைக்குச் சென்று, தூய இனத்தின் பெயரால் விற்கப்பட்டு, மீண்டும் மீண்டும் கலந்து, இறுதியில் எவ்வினம் யாது என்று அறியவொண்ணா நிலையை உண்டாக்குகின்றன. ஒரே இனத்தைத் தனித்து வைப்பார்க்கு இக்குறை இல்லை. ஆனால், வண்ணங்கள் பலவற்றை ஒருங்கே காணும் ஆசையால் அம்மீன்களை வாங்குவார், அவ்வாறு தனித்து வைப்பது அரிதினும் அரிது.

ஏஞ்சல் மீனிடத்துப் பிறிதொரு குறை காணப்படுகின்றது. பண்ணைகளில் அதன் முட்டைகளைத் தாய்தந்தையரிடமிருந்து பிரித்தெடுத்து, தனித் தொட்டியிற் பொரிப்பிப்பது பெருவழக்கு. இங்ஙனம் தலைமுறை தலைமுறையாகப் பெற்றோரின் காவலைக் காணாது வளர்ந்து வந்தமையால், இக்காலத்து ஏஞ்சல் இணைகளுட் பல தம் முட்டைகளைத் தாமே தின்றுவிடுகின்றன. காவற்றிறம் காணவேண்டுமென்று சிக்லிட்டை நாடியவன், அத்திறம் மங்கிய மீனைப் பெற்று ஏமாறுகின்றான்.

நிற்க. நான்காவது வினாவே எல்லாவற்றினும் தலையாயது. பிறக்கும் குஞ்சுகள் எங்கே செல்லும்? இதனை முதலில் வினவாது, குஞ்சுகள் பிறந்த பின்னர் வினவுவாரே நம்மிற் பெரும்பாலார். நடு அமெரிக்காவிற்குரிய கான்விக்ட் என்னும் சிக்லிட், பெருக்குதற்கு மிக எளிதென்று நூல்கள் யாவும் புகழ்வது. அஃது உண்மையே. இணையொன்று இருந்தாற் போதும். ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தாற் போதும். முட்டைகள் நூற்றுக்கணக்கில் இடப்படும். சில வாரங்களில் மீண்டும் இடப்படும். முதல் ஈட்டுக் குஞ்சுகளைக் கண்டு வீட்டார் அனைவரும் மகிழ்வர். இரண்டாம் ஈட்டில் நண்பர்கட்குப் பகிர்ந்தளிப்பர். மூன்றாம் ஈட்டில் நண்பர்கள் கைவிரிப்பர். அம்மீன் மலிந்து கிடப்பதாற் கடைக்காரரும் வேண்டாவென்பர். அப்பொழுது ஒரு மாலைப்பொழுதில், ஒரு வாளி நிறையக் குஞ்சுகளோடு ஏரிக்கரையை நோக்கி நடப்பவன், தான் அவற்றிற்கு விடுதலை அளிப்பதாகவே எண்ணிக்கொள்கின்றான்.

அது விடுதலையன்று, நம் நீர்நிலைகட்கு இழைக்கும் பெருந்தீங்கு. ஜிலேபிக் கெண்டையின் வரலாறே இதற்குச் சான்று. ஆப்பிரிக்காவிற்குரிய அம்மீன், உணவு பெருகவேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் 1952-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. தாய் வாயிற் காப்பதாற் குஞ்சுகள் மிகுதியும் பிழைத்தன. ஆண்டில் பலமுறை பெருகிய அவ்வினம், ஏரி, குளம், அணை, கழி என்னும் எல்லாவற்றையும் கைக்கொண்டு, நம் நாட்டுக் கெண்டைகட்குரிய இடத்தையும் இரையையும் பறித்துக்கொண்டது. இன்று அதனை மீட்டெடுத்து அகற்றவல்லார் ஒருவரும் இலர். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கப்படும் அயல்நாட்டுக் கெளிற்று மீனும், வளர்ப்பார் கைவிட்டமையால் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றிற் பெருகி, மீனவர் வலைகளைக் கெடுத்து வருகின்றது. அமெரிக்க நாட்டுப் பிளாரிடா மாநிலத்தில் ஆஸ்கர் முதலாய அயற் சிக்லிட்டுகள் பல நிலைபெற்றுவிட்டன. அவ்வளவேன்? நம் நாட்டிற்குரிய கரிமீனே சிங்கப்பூரிற் புகுந்து, ஆங்கு அயல் மீனாகக் கருதப்படுகின்றது. ஆகவே, மீனிற் குற்றமில்லை. அதற்குரியதல்லாத இடத்தில் அதனைக் கொண்டு சேர்ப்பார் மாட்டே குற்றமாம்.

'யாம் ஒருகாலும் ஏரியில் விடமாட்டோம்' என்று உறுதி கூறுவாரும் உளர். அவ்வுறுதி பாராட்டற்பாலதே. ஆனால், 2015-ஆம் ஆண்டு திசம்பர் மாதத்துப் பெருவெள்ளத்தில் சென்னையின் எத்துணை வீடுகளிற் கீழ்த்தளம் முற்றும் நீர் புகுந்தது என்பதை நாம் மறந்திலோம். வெள்ளம் வருங்கால், முற்றத்துச் சிமெண்டுத் தொட்டிக்கும் தெருவோடு செல்லும் நீருக்கும் இடையே எல்லையென்பது ஏது? நம் மன உறுதிக்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சிகளும் உலகில் உண்டு என்பதை எண்ணியே இனத்தைத் தேர்தல் வேண்டும்.

இனி, இந்நான்கு வினாக்கட்கும் ஏற்ற விடையாக என் உள்ளத்திற்குத் தோன்றுவது நம் நாட்டுச் சிறு சிக்லிட்டே. கேரள நாட்டார் அதனைப் பள்ளத்தி என்பர். வண்ணமீன் வணிகர் ஆரஞ்சு குரோமைடு என்பர். இந்தியாவிற்கே உரிய சிக்லிட்டுகள் மூன்று. பெரியதாகிய கரிமீன் ஒன்று, கன்னட நாட்டு ஆறுகளில் மட்டும் காணப்படும் அதன் உறவினம் ஒன்று, பள்ளத்தி ஒன்று. கரிமீனைக் கேரள அரசு 2010-ஆம் ஆண்டில் தன் மாநில மீனாக அறிவித்துப் பெருமைப்படுத்தியது. பள்ளத்திக்கோ அத்தகைய பெருமை ஒன்றும் வாய்த்திலது. பெர்லின் நகரத்து மருத்துவராகிய பிளாக் என்பார் 1795-ஆம் ஆண்டிலேயே அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். அதன் நெருங்கிய உறவினங்கள் மடகாஸ்கர்த் தீவில் வாழ்கின்றன. கடல் கடந்த அவ்வுறவைக் கொண்டு, அவ்விரு நிலங்களும் ஒருகாலத்து ஒன்றாயிருந்தமையை நினைவுகூர்வார் அறிஞர் பலர்.

அம்மீன் தென்னிந்தியக் கடற்கரையை அடுத்த கழிகளிலும், ஆற்று முகங்களிலும், நன்னீர்க் குளங்களிலும், இலங்கையிலும் வாழ்வது. நெய்தல் நிலத்துக் கழியைப் பற்றி நாம் இலக்கியத்திற் பலபடப் படிக்கின்றோம். அக்கழியில் உண்மையாக வாழும் உயிர்களுள் இஃது ஒன்று. நீளம் எட்டுச் செண்டிமீட்டர் அளவினது. உடல் வட்ட வடிவாய்த் தட்டையாக இருக்கும். மஞ்சளும் செம்மையும் கலந்த மேனியிற் கரும்புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்க, விலாவின் நடுவே பெரியதொரு கரும்புள்ளி விளங்கும். நன்னீரிலும் உவர்நீரிலும் வாழவல்லதாகலின், நம் கிணற்று நீரின் கடுமை அதற்கு இடர் செய்வதில்லை. சிறிது கடலுப்பு இடின் இன்னும் நலமே. நம் நாட்டு வெப்பமே அதற்குப் போதுமாகலின் வெந்நீர்க் கருவியும் வேண்டுவதில்லை.

அதனைப் பெருக்கும் முறையும் எளிதே. 75 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உடைய, ஏறத்தாழ 90 லிட்டர் கொள்ளும் தொட்டி ஓர் இணைக்குப் போதும். புதுத் தொட்டியில் உடனே மீனை விடுதல் ஆகாது. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா என்னும் நஞ்சை, முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுத்தல் வேண்டும். இம்மீனில் ஆண் இது, பெண் இது என்று புறத்தோற்றத்தால் எளிதில் வேறுபடுத்தவொண்ணாது. ஆகவே ஆறு இளமீன்களை வாங்கி ஒருங்கே வளர்த்தல் நன்று. அவை தாமே இணைதேர்ந்துகொள்ளும். இணைந்த இரண்டும் ஒரு மூலையைத் தமதாக்கிப் பிறவற்றை ஓட்டத் தொடங்குங்கால், எஞ்சியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றலாம். தட்டையான கல்லோ, உடைந்த மண்சட்டியின் ஓடோ ஒன்று வைத்தால், அவ்விரண்டும் அதனை வாயால் துப்புரவு செய்து முட்டையிடும். முட்டை ஒவ்வொன்றும் நூல் போன்றதொரு சிறு காம்பினால் ஒட்டிக்கொண்டிருக்கும். சில நாளிற் குஞ்சுகள் வெளிப்பட, பெற்றோர் அவற்றை வாயிற் கவ்வி, மணலில் தாம் தோண்டிய சிறு குழிகட்கு மாற்றும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும், உப்புநீரிற் பொரிப்பித்த ஆர்ட்டிமியா என்னும் நுண்ணிறாற் குஞ்சுகளை இரையாக இடலாம்.

இதன்பின் நிகழ்வதே காணத் தக்க காட்சி. குஞ்சுகள் தாய்தந்தையரின் விலாவை நெருங்கி, மேனியை ஒருகணம் தீண்டித் தீண்டி மீளும். பெற்றோரின் தோல்மேற் சுரக்கும் கொழுநீரை அவை உணவாகக் கொள்வதே அதன் பொருள். வார்டு, பார்லோ என்னும் அறிஞர் இருவர் இவ்வொழுகலாற்றை இம்மீனிடத்தே ஆராய்ந்து 1967-ஆம் ஆண்டில் விரிவாக எழுதினர். டிஸ்கஸ் மீனின் புகழுக்குக் காரணம், அது தன் குஞ்சுகட்கு மேனிச் சுரப்பை ஊட்டுவதேயன்றோ? அதனைக் காண்பதற்காகப் பெரும்பொருள் செலவிட்டு அமேசான் மீனை வாங்குவார், அத்தகைய காட்சியை நம் கழிகளில் வாழும் சிறுமீனிடமும் காணலாம் என்பதை அறியாதிருத்தல் இரங்கத் தக்கது. இதுவேயுமன்றி, இளம் பள்ளத்திகள் கரிமீனின் துடுப்புகளிலும் மேனியிலும் படியும் காளான் முதலியவற்றைக் கொத்தித் துப்புரவு செய்கின்றன என்பதும் 1972-ஆம் ஆண்டில் எழுதப்பெற்றது. அதே பள்ளத்தி கரிமீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்ப்பு நேர்ந்துழித் தின்னவும் தின்னும். நட்பும் பகையும் ஓரிடத்தே விரவிய இவ்வாழ்க்கை, கூர்ந்து நோக்குவார்க்கு எத்துணை ஆராய்ச்சிக்கு இடந்தருவது!

இனி, என் கருத்துக்கு எதிராக எழக்கூடிய தடைகள் சிலவற்றை ஆராய்வோம். 'பள்ளத்தியும் ஓரீட்டில் இருநூறு அளவு முட்டையிடுவதன்றோ? கான்விக்டுக்குக் கூறிய குற்றம் இதற்கும் பொருந்தாதோ?' என்று வினவலாம். தக்க வினாவே. முட்டையிட்டன யாவும் வளர்க்கப்படல் வேண்டும் என்னும் விதியில்லை என்பதே அதற்கு விடை. எத்துணைக் குஞ்சுகட்கு இடமும் இரையும் ஏற்பாரும் உளரோ, அத்துணையே வளர்ப்பேன் என்று முன்னரே வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். அதற்கு மேற்பட்ட ஈடுகளை முட்டைப் பருவத்திலேயே அகற்றிவிடலாம். அல்லது இணையைச் சில திங்கள் பிரித்து வைக்கலாம். இவ்வரையறை எச்சிக்லிட்டை வளர்ப்பார்க்கும் வேண்டுவதே. ஆயினும், எதிர்பாராது ஒரு குஞ்சு தப்பிச் செல்லுமாயின், அயல்நாட்டு மீனால் விளையும் கேடு கடற்கரையூர்களிற் பள்ளத்தியால் விளையாது. அங்ஙனமெனினும், நம் நாட்டு மீன் தானே என்று அதனையும் கண்ட குளத்தில் விடுதல் கூடாது. உள்நாட்டு ஏரியொன்று அதன் தாயகம் அன்று. மேலும், தொட்டியில் வளர்ந்த மீன் நோய்களைச் சுமந்து செல்லவும் கூடும்.

'இதற்கு விலை இல்லையே. கொளத்தூர்ச் சந்தைக்குக் கொண்டு சென்றால் ஏஞ்சலும் ஆஸ்கரும் விற்பதுபோல் இது விற்குமோ?' என்பார் சிலர். சென்னை கொளத்தூரைச் சார்ந்து வண்ணமீன் பெருக்கும் தொழிலால் வாழ்வார் பலர் உளர். அவர் உழைப்பும் திறமும் போற்றற்குரியன. ஆனால், அஃது அவர்க்குத் தொழில், நமக்கோ கல்வி. பிழைப்பிற்காகப் பெருக்குவார், விற்பனையாவதைப் பெருக்குதல் இயல்பு. அறிதற்காகப் பெருக்குவார், விலையை முதன்மையாகக் கொள்ளுதல் வேண்டா. ஒரு தொட்டியில் ஈட்டும் சிறுபொருள், மின்சாரத்திற்கும் இரைக்கும் செல்லும் செலவையேனும் ஈடுசெய்யுமோ என்பதும் ஐயமே.

'கழிகளில் மலிந்து கிடக்கும் மீனைத் தொட்டியிற் பெருக்குவதால் யாது பயன்? அருகிவரும் இனங்களைப் பெருக்கினாலன்றோ உலகிற்கு உதவியாம்?' என்பது மற்றொரு தடை. இதில் உண்மையுண்டு. மடகாஸ்கரின் மங்கரஹாரா ஆற்றிற்குரிய சிக்லிட் ஒன்று, அணைகட்டி நீரைத் திருப்பியமையால் அழிந்தொழிந்தது என்றே கருதப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் எஞ்சியிருந்தவை ஆண்மீன்களே. பெண்மீன் ஒன்றேனும் எவரிடத்தேனும் உண்டோ என்று அச்சாலையார் உலகமெங்கும் மீன் வளர்ப்பார்க்கு வேண்டுகோள் விடுத்தனர். அதன் பயனாக அவ்வாண்டின் இறுதியில், மடகாஸ்கரிலேயே சிறுகூட்டமொன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு தொட்டியில் வாழும் ஓரிணை, ஓரினத்தின் வாழ்விற்கும் முடிவிற்கும் இடையே நிற்கக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. ஆனால், அத்தகைய அருமருந்தன்ன மீனைப் பயிற்சியில்லாதவன் கையில் ஒப்புவிப்பார் யாவர்? எளிய மீனிடத்தே நீரறிந்து, இணையறிந்து, குஞ்சு காக்கும் முறையறிந்து, வரவும் பிறப்பும் இறப்பும் குறிப்பேட்டில் எழுதிப் பழகியவனே அரிய மீனைக் காக்கவல்லவன் ஆவான். மேலும், இன்று மலிந்திருப்பது நாளையும் மலிந்திருக்கும் என்பதற்கு உறுதி யாது? ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிற் சிக்லிட்டுகள் ஒருகாலத்து மலிந்தே கிடந்தன. 1950-களில் நைல் ஆற்றுப் பெருமீன் அவ்வேரியிற் புகுத்தப்பட்ட பின்னர், சில பத்தாண்டுகளிற் பல இனங்கள் காணாதொழிந்தன. நம் கழிகளோ நாடோறும் தூர்க்கப்பட்டும் மாசுபட்டும் வருகின்றன.

'உயிர்களைக் கண்ணாடியுள் அடைத்து வைத்தலே கொடுமையன்றோ?' என்பார்க்கும் ஒருவாறு விடை கூறல் வேண்டும். பெருமீனைச் சிறுதொட்டியில் அடைத்தல் கொடுமையே. அதனை யானும் மறுக்கின்றேன். ஆனால், தன் உருவிற்கேற்ற இடமும், தன் இயல்பிற்கேற்ற நீரும், தன் குஞ்சைத் தானே காக்கும் வாய்ப்பும் பெற்ற மீன், துன்புறுகின்றது என்பதற்குச் சான்றில்லை. துன்புறும் மீன் முட்டையிட்டுக் காப்பது அரிது. ஆகவே, எம்மீனைத் தேர்கின்றோம் என்பதிலேயே அருளும் கொடுமையும் பெரிதும் அடங்கியுள்ளன.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு ஒன்று சிறப்பாகக் கூற விரும்புகின்றேன். அயிரை, கெண்டை, கயல், வாளை, வரால் என்னும் பெயர்களை நாம் செய்யுளிற் கற்கின்றோம். அவற்றின் உரையைத் தேர்விலும் எழுதுகின்றோம். ஆனால், கண்ணுக்கு உவமையாகக் கயலைக் கற்ற நம்முட் பலர், உயிருள்ள கயலை ஒருநாளும் நின்று நோக்கியதில்லை. அவற்றைப் பாடிய முன்னோர் நீர்நிலையருகே நின்று கண்டு பாடினர். நாம் கடையிற் சென்று அயல்நாட்டு மீனின் பெயரைக் கேட்டறிகின்றோமேயன்றி, நம் ஊர்க் குளத்து மீனின் பெயரை மீனவரிடத்துக் கேட்டறியோம். தொட்டியொன்றில் நம் நாட்டு மீனை வைத்து நோக்குதல், இக்குறையைச் சிறிதேனும் நீக்கும்.

ஆதலின் நண்பர்காள்! ஓரிணை மீனை வாங்குமுன், கையில் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு நீர் எத்தகையது, தொட்டி எத்துணை லிட்டர் கொள்ளும், விடுமுறையில் நாம் ஊர் சென்றால் இரையிடுவார் யாவர், பிறக்கும் குஞ்சுகளை ஏற்பார் எவரெவர் என்பவற்றை எழுதுங்கள். ஏற்பார் பெயர் ஒன்றேனும் எழுதமுடியாவிடின், இணைசேர்க்கும் எண்ணத்தை அவ்வாண்டிற்கு விட்டு, வளர்த்தலோடு அமையுங்கள், அதுவும் இன்பமே. எழுதமுடியுமாயின், விலையாலும் நிறத்தாலும் மயங்காது, நம் நீரிற் பிறந்து நம் நீர்க்கே உரியதாகிய பள்ளத்தியை முதலிற் பெருக்கிப் பாருங்கள். குஞ்சுகட்கு இடம் தேடிய பின்னரே முட்டையை வரவேற்பவன் எவனோ, அவனே மீன் வளர்க்கத் தக்கவன் என்பது என் முடிபு.